புதிய நினைவு வெள்ளி நாணயம் வாங்கும் முன்: வெள்ளி எவ்வளவு, வேலைப்பாடு எப்படி, விலை நியாயமா?

இந்திய அரசு ஒரு தலைவரின் நூற்றாண்டுக்கோ ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கோ நினைவு நாணயம் வெளியிட்டதும், அன்று மாலையே வாட்ஸ்அப்பில் விலை சுற்ற ஆரம்பித்துவிடும். "லிமிடெட்", "இனிமேல் கிடைக்காது", "இரண்டு வருடத்தில் டபுள்" என்று மூன்று வாக்கியங்கள் கூடவே வரும். புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் பெரும்பாலும் பணத்தை இழப்பது அந்த ஒரு வாரத்தில்தான். அந்த வாரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை வரிசையாகத் தருகிறேன். இது முழுக்க இந்திய அரசு நாணயங்களைப் பற்றியது. வெளிநாட்டு மின்ட்களின் (நாணயச் சாலைகளின்) நடைமுறை வேறு.

1. அது நாணயம்தானா என்று முதலில் பாருங்கள்

கையில் இருப்பது நாணயமா, வெறும் வெள்ளிப் பதக்கமா? இந்தக் கேள்வியைக் கேட்காமலே பலர் பணம் கட்டுகிறார்கள். நாணயம் என்றால் ஒரு பக்கத்தில் அசோகர் சிங்கத்தலை இருக்கும், அதன் கீழ் ரூபாய் மதிப்பு (முகமதிப்பு) இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அது நாணயம் அல்ல.

நகைக்கடை விற்கும் லட்சுமி, பிள்ளையார் வெள்ளிக் காசு நாணயம் அல்ல. அரசு மின்ட்களை நடத்தும் எஸ்.பி.எம்.சி.ஐ.எல் நிறுவனமே முகமதிப்பு இல்லாத நினைவுப் பொருட்களையும் விற்கிறது. 2024-ல் வந்த ராமர் கோயில் வண்ண வெள்ளிக் காசு அந்த வகை. அவை அழகாக இருக்கலாம், வெள்ளியும் சுத்தமாக இருக்கலாம். ஆனால் குடியரசு இந்தியாவின் நாணய வரிசையைச் சேகரிப்பவர்களின் பட்டியலில் அவற்றுக்கு இடம் கிடையாது. பிறகு விற்கப் போகும்போது இந்த வேறுபாடு விலையில் தெரியும்.

2. அரசிதழ் அறிவிக்கையை எடுங்கள்

ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் நாணயச் சட்டம் 2011-ன் கீழ் மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை தனி விதியை அரசிதழில் வெளியிடும். இரண்டு மூன்று பக்கம்தான். அரசிதழ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்களுக்குத் தேவையானது அதில் உள்ள சிறிய அட்டவணை: முகமதிப்பு, வடிவமும் வெளிவிட்டமும், விளிம்பு வரிகளின் (ஓரத்தைச் சுற்றி இருக்கும் சிறு கீற்றுகளின்) எண்ணிக்கை, உலோகக் கலவை. அதற்குக் கீழே இரு பக்கத்திலும் என்ன பொறிக்கப்படும் என்ற விவரம் இருக்கும்.

2023 மே 28-ல் புதிய நாடாளுமன்றத் திறப்பு விழாவில் வெளியான 75 ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டம், 44 மில்லிமீட்டர், 200 விளிம்பு வரிகள், வெள்ளி 50 சதவீதம், தாமிரம் 40, நிக்கல் 5, துத்தநாகம் 5, எடை சுமார் 35 கிராம். பிற்பாடு எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த ஒரு வரிதான் உங்களுக்கு உரைகல். பிரதி எடுத்து நாணயத்தோடு வைத்துவிடுங்கள்.

அறிவிக்கையில் இல்லாதது ஒன்று உண்டு: எத்தனை நாணயம் அடிப்பார்கள் என்ற எண்ணிக்கை. ஆகவே "இத்தனை ஆயிரம்தான் அடித்தார்கள்" என்று யாராவது சொன்னால் எழுத்துபூர்வ ஆதாரம் கேளுங்கள். தேவை இருந்தால் மின்ட் மறுபடியும் ஆர்டர் பதிவைத் திறக்க முடியும், திறந்ததும் உண்டு. அபூர்வம் என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

முகமதிப்பு விசித்திரமாக இருப்பதும் அபூர்வத்தின் அடையாளம் ஆகாது. 75, 90, 125, 150, 350, 400, 550 என்று வருவதெல்லாம் எத்தனையாவது ஆண்டு கொண்டாடப்படுகிறது என்பதைக் காட்டும் எண்கள், அவ்வளவுதான். சட்டப்படி முகமதிப்பு 1000 ரூபாயைத் தாண்ட முடியாது. முகமதிப்புக்கும் உள்ளே இருக்கும் வெள்ளிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

3. வெள்ளியைக் கணக்கிடுங்கள்

மொத்த எடையை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி "லாபம்" என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. எடையைத் தூய்மையால் பெருக்கிய பிறகுதான் விலைக்கு வர வேண்டும்.

எம்.ஜி.ஆர். நூற்றாண்டு 100 ரூபாய் (2017), கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் (2024), நாடாளுமன்ற 75 ரூபாய் ஆகியவை நான்கு உலோகக் கலவை. 35 கிராமில் பாதி, அதாவது 17.5 கிராம்தான் வெள்ளி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு வந்த 1000 ரூபாய் நாணயம் 80 சதவீத வெள்ளி. 35 கிராமில் 28 கிராம் வெள்ளி. ரிசர்வ் வங்கியின் 90-ஆம் ஆண்டுக்கு 2024 ஏப்ரல் 1-ல் வந்த 90 ரூபாய் நாணயம் சுத்த வெள்ளி, எடை சுமார் 40 கிராம். மூன்று வகையையும் அருகருகே வைத்தால் 44 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரே மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் வெள்ளியோ, மிகக் குறைந்ததைவிட மிக அதிகமானதில் இரண்டு மடங்குக்கு மேல்.

கணக்கு எளிது. வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம், அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 50 சதவீத நாணயத்தில் 1,750 ரூபாய் வெள்ளி. அதற்கு விற்பவர் 3,500 கேட்டால், வெள்ளி விலை இரண்டு மடங்கானால்தான் உள்ளே இருக்கும் வெள்ளி நீங்கள் கொடுத்த பணத்தைத் தொடும். சுத்த வெள்ளி 40 கிராம் நாணயத்தில் ஏறத்தாழ 4,000 ரூபாய் வெள்ளி. அதை 6,000-க்கு வாங்கினால் வெள்ளி ஒன்றரை மடங்கு ஏறினாலே போதும். எந்த நாணயத்தையும் வாங்கும் முன் இந்த இரண்டு எண்களையும், உள்ளே இருக்கும் வெள்ளி, கேட்கும் விலை, ஒரு தாளில் எழுதுங்கள். நடுவே உள்ள தொகை நகையில் செய்கூலி போல. அந்தத் தொகையை வெள்ளிச் சந்தை உங்களுக்குத் திருப்பித் தராது. இன்னொரு சேகரிப்பாளர்தான் தர வேண்டும்.

இந்த வெள்ளி மதிப்பும் காகிதக் கணக்குதான். நாணயத்தை உருக்குவதைச் சட்டம் தடை செய்கிறது. 50 சதவீதக் கலவையை நகைக்கடையில் நீட்டினால் பிரித்தெடுக்கும் செலவு, சேதாரம் என்று கழித்துத்தான் விலை சொல்வார்கள், பலர் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள். முதலீட்டுக்கு வெள்ளி வேண்டும் என்றால் 999 (99.9 சதவீதம் தூய) வெள்ளிக் கட்டி வாங்குங்கள்.

4. வடிவமைப்பை எடைபோடுங்கள்

மின்ட் விலைக்கும் வெள்ளி மதிப்புக்கும் நடுவே கொடுக்கும் பணம் வேலைப்பாட்டுக்கும் கருப்பொருளுக்குமான பணம். எனவே வேலைப்பாட்டைக் கறாராகப் பார்க்க வேண்டும். அழகு ஆளுக்கு ஆள் மாறும் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அச்சுத் தரத்தில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

சிங்கத்தலைப் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். நடுவில் சிங்கத்தலை, கீழே தேவநாகரியில் "சத்யமேவ ஜயதே", இடது ஓரம் இந்தியில் "பாரத்", வலது ஓரம் ஆங்கிலத்தில் "இந்தியா", அடியில் ரூபாய்க் குறியும் மதிப்பும் என்று அறிவிக்கையே சொல்லிவிடுகிறது. எல்லா நாணயத்திலும் அதுதான். மறுபக்கம்தான் நாணயத்தின் தனி முகம்.

மறுபக்கத்தில் முதலில் எழுத்தைப் பாருங்கள். விழாவின் முழுப் பெயரும் மேல் ஓரத்தில் இந்தியிலும் கீழ் ஓரத்தில் ஆங்கிலத்திலும் ஓட வேண்டியிருப்பதால், பெயர் நீளமாக இருக்கும்போது எழுத்து சுருங்கி ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், நடுவில் இருக்கும் உருவமும் சிறுத்துவிடும். நாடாளுமன்ற நாணயத்தில் "நாடாளுமன்ற வளாகம்" என்ற பெயர் குறுகியது என்பதால் கட்டடத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. கலைஞர் நாணயத்தில் "தமிழ் வெல்லும்" என்ற சொல் தமிழ் எழுத்திலேயே வந்திருக்கிறது. குடியரசு நாணயங்களில் தமிழ் எழுத்தைக் காண்பது அரிது. தமிழ்ச் சேகரிப்பாளர்களிடம் அதற்கென்று ஒரு தேவை இருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்தது உருவம். முகம் என்றால் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்குவார்கள். கண்ணிமை, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு, காது மடல் ஆகிய மூன்று இடங்களில் மேடு பள்ளம் சரியாக வந்திருக்கிறதா? மூன்றும் தட்டையாக இருந்தால் முகம் படமாகத் தெரியுமே தவிர உருவமாக எழும்பாது. எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு நாணயம் போல நகை, பொட்டு, கூந்தல் உள்ள முகங்களில் நுண்கோடுகள் அதிகம். அங்கே அச்சின் கூர்மை உடனே வெளிப்பட்டுவிடும். கட்டடம் என்றால் கோடுகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தஞ்சை விமானத்தின் தளங்களை எண்ண முடிகிறதா என்பது அந்த நாணயத்துக்கு நல்ல சோதனை.

சின்னங்களை மட்டும் வைத்து அடிக்கப்படும் நாணயங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சின்னம் தாளில் அச்சிடுவதற்காக வரைந்தது, அதில் செதுக்குபவருக்கு வேலை குறைவு. ரிசர்வ் வங்கியின் சின்னத்தில் புலியும் பனைமரமும் இருப்பதால் 90 ரூபாய் நாணயம் ஓரளவு தப்பித்தது.

இவற்றையெல்லாம் பத்து மடங்கு உருப்பெருக்கியால், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் எல்லா நாணயமும் அழகுதான். செய்திகளில் வரும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது பெரும்பாலும் கணினியில் வரைந்த மாதிரி. அடித்த நாணயத்தின் புகைப்படம் வரும்வரை பொறுங்கள்.

கடைசியாக ஒன்று: இருபது வருடம் கழித்து இதை யார் தேடுவார்கள்? கோயில், இசை, ரயில், சினிமா என்று பொருள்வாரியாகச் சேகரிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஒரு துறையின் ஆண்டு விழாவுக்கு, அந்தத் துறையின் ஊழியர்களைத் தவிர வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். தஞ்சை நாணயத்துக்கு இரண்டு பலம்: பெரிய கோயில் என்ற பொருள், இந்தியாவின் முதல் 1000 ரூபாய் நாணயம் என்ற இடம்.

5. ப்ரூஃபா, யு.என்.சி.யா?

ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய உலோக வில்லையில் அடிப்பது. பின்னணி கண்ணாடி போல மின்னும், உருவம் பனி படர்ந்தது போல மங்கலாக இருக்கும். யு.என்.சி. என்பது புழக்கத்துக்குப் போகாத சாதாரண அடிப்பு. ப்ரூஃபுக்கு விலை கூடுதல். ஒரே ஒரு விரல் ரேகை விழுந்தாலும் அந்தக் கூடுதல் விலை போய்விடும். தூசியும் ஈரமும் அதிகமுள்ள வீட்டில், அடிக்கடி எடுத்துக் காட்டும் பழக்கமும் இருந்தால் யு.என்.சி. போதும்.

எந்த மின்ட் என்பது ஆண்டுக்குக் கீழே உள்ள குறியில் தெரியும். வைர வடிவம் மும்பை (ப்ரூஃபில் ஆங்கில எழுத்து "எம்"). ஐந்துமுனை நட்சத்திரம் ஹைதராபாத். புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. "குறி விட்டுப்போன பிழை நாணயம், அபூர்வம்" என்று விற்கப்படுவதில் நிறைய கொல்கத்தா நாணயங்கள்தான்.

6. பதிவு, பணம், காத்திருப்பு

இந்த நாணயங்கள் வங்கிக் கவுண்டரில் கிடைக்காது. எஸ்.பி.எம்.சி.ஐ.எல் நடத்தும் இணையக் கடையில் கணக்குத் தொடங்கி வாங்க வேண்டும்.

வெளியீட்டு விழா ஒரு நாள், விற்பனை தொடங்குவது வேறொரு நாள். நடுவே வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் "முன்பதிவு" என்று இரட்டை விலை கேட்கிறார்கள். அவர்கள் கையிலும் அப்போது நாணயம் இருக்காது. மின்ட் விலை அறிவிக்கும்வரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

கணக்கை விற்பனை நாளுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பின்கோடுடன் முழு முகவரி எல்லாம் சரியாக இருக்கட்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் அலுவலக முகவரியைக் கொடுப்பது நல்லது. பணம் கட்டும் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள்: காட்டும் விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா, அஞ்சல் செலவு தனியா, ரத்து செய்தால் என்ன விதி. பணம் கழிந்து ஆர்டர் எண் வராமல் போனால் உடனே மறுபடி கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, வங்கிக் கணக்கையும் ஆர்டர் பக்கத்தையும் சரிபார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அனுப்பிவைக்கவும் நாள் ஆகும். பரிசுக்காக, பிறந்த நாளுக்காக என்று தேதி குறித்து வாங்குவதற்கு இது ஏற்ற பொருள் அல்ல.

ரசீதை அச்செடுத்து வையுங்கள். விற்கும்போது நம்பகத்தன்மைக்கும், வரிக் கணக்கில் வாங்கிய தேதி, விலை காட்டுவதற்கும் அதுதான் ஆவணம். வியாபாரியிடம் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது கேளுங்கள். பெரிய தொகுப்பு வாங்குபவர்கள் கவனிக்க: விற்பவர் ரொக்கமாக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கவில்லை.

7. பார்சலைப் பிரிக்கும்போது

பிரிக்கும் முன்பே கைபேசியில் வீடியோவை ஓட விடுங்கள். முத்திரை, எடைச்சீட்டு, பெட்டி, நாணயம் என்று வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும். நாணயம் குப்பிக்குள் (அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்) ஆடுகிறதா, வெண்புள்ளி, கீறல், விரல் ரேகை இருக்கிறதா என்று குப்பியைத் திறக்காமலே பாருங்கள். குறை இருந்தால் அன்றே படத்தோடு எழுதுங்கள். குப்பியைத் திறந்துவிட்டால் உங்கள் புகாரின் பலம் பாதி குறைந்துவிடும்.

8. வெளியே வாங்கினால் சோதனை

கண்காட்சியிலும் இணையச் சந்தையிலும் வெள்ளி முலாம் பூசிய போலிகள் உலவுகின்றன. 0.01 கிராம் காட்டும் சிறு தராசும் வெர்னியர் அளவியும் வாங்கிவிடுங்கள். எடை 34.65-க்கும் 35.35-க்கும் நடுவே இருக்க வேண்டும் (35 கிராம் நாணயத்துக்கு), விட்டம் 44 மில்லிமீட்டர், விளிம்பு வரி 200. விளிம்பை நெருக்கமாகப் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம். சலிப்பான வேலைதான், ஆனால் போலி செய்பவர்கள் அதிகம் கோட்டை விடுவது விளிம்பில்தான்.

காந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். தாமிர நிக்கல் போலியும் ஒட்டாது, அசலும் ஒட்டாது.

பெட்டி இல்லாத, சந்தேகமான யு.என்.சி. நாணயத்துக்கு நீர்ச் சோதனை செய்யலாம். தராசில் ஒரு குவளை வடிகட்டிய நீரை வைத்துச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். 35 கிராம் 50 சதவீத நாணயத்துக்குத் தராசு ஏறத்தாழ 3.67 காட்டும். தாமிர நிக்கல் போலி 3.9-ஐ நெருங்கும். தஞ்சை நாணயம் சுமார் 3.45, சுத்த வெள்ளி 40 கிராம் நாணயம் சுமார் 3.8. காற்றுக் குமிழி ஒட்டினால் எண் மாறும், லேசாக அசைத்து விடுங்கள். முடிந்ததும் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ப்ரூஃப் நாணயத்துக்கு இந்தச் சோதனை கூடவே கூடாது.

9. வைத்துக் காப்பது

வெள்ளிப் பாத்திரத்தைத் திருநீறு போட்டுத் துலக்குவது நம் வீட்டுப் பழக்கம். நாணயத்துக்கு அது எமன். திருநீறு, பற்பொடி, புளி, வெள்ளி பாலிஷ் எதுவுமே வேண்டாம். கறுத்தால் கறுத்தபடியே இருக்கட்டும். இயல்பாகப் படிந்த நிறத்தைச் சேகரிப்பாளர் ஏற்றுக்கொள்வார், துலக்கிய கீறலை ஏற்க மாட்டார்.

50 சதவீத நாணயத்தில் தாமிரம் அதிகம் என்பதால் கடலோரக் காற்றில் பழுப்புப் புள்ளிகள் சீக்கிரம் வரும். மலிவான பி.வி.சி. பைகள் நாளடைவில் பச்சைப் பிசின் விடும். ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். 44 மில்லிமீட்டர் அக்ரிலிக் குப்பி, அதைச் சுற்றி மூடிய டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, ஈரம் உறிஞ்சிய பையை மாற்றுவது என்றால் போதும். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள். தொட வேண்டியிருந்தால் பருத்திக் கையுறையுடன், மேசையில் துண்டு விரித்து, விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

10. விற்க நினைக்கும்போது

இணையத்தில் கேட்கும் விலை விற்ற விலை ஆகாது. ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள். அதிலும் வாங்குபவர் தரும் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வியாபாரி தன் லாபத்தைக் கழித்துத்தான் கேட்பார், அது நியாயம்தான். மின்ட் பெட்டியும் ரசீதும் இருந்தால் பேரம் உங்கள் பக்கம் சாயும்.

"ரிசர்வ் வங்கி பழைய நாணயங்களை லட்சக்கணக்கில் வாங்குகிறது, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். தான் அப்படி எதையும் வாங்குவதில்லை, யாருக்கும் கமிஷனுக்கு அனுமதி தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே அறிவித்துவிட்டது. உங்கள் நாணயத்தை விற்றுத் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் இதே பதில்தான்.